வீட்டுக்கு முன்னால் தெரு

சென்னைக்குத் தெற்கே நான் குடியிருக்கும் புறநகரில் எங்கள் தெரு ஒரு சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மனைப்பிரிவு, அந்தப் பக்கம் இன்னொன்று. எங்களுடையது ஒரு காலத்தில் நெல் வயல், அது மாந்தோப்பு. இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஆண்டுகளில் பிரித்து விற்றார்கள். அந்தப் பக்கத்துத் தெருவும் இதே சுவரில்தான் வந்து முடிகிறது, ஆனால் பதினைந்து அடி தள்ளி. ஆகவே நாளைக்கே சுவரை இடித்தாலும் இரண்டு தெருவும் நேராகச் சேராது. மொட்டை மாடியில் நின்றால் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரியும். சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். காலை எட்டரை மணிக்கு ஊரே பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில்தான் நெரிகிறது. கழிவுநீர் லாரி வந்தால் திருப்ப இடமில்லை. தெரு முழுக்கப் பின்பக்கமாகவே போக வேண்டும். ஒரு பையன் பின்னால் நின்று பலகையைத் தட்டி "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே நடப்பான்.

பத்திரத்தில் 20 அடித் தெரு என்று இருக்கிறது. நாடா பிடித்தாலும் 20 அடிதான். அதற்குள் இரண்டு பக்கமும் வாசற்படி, வண்டி ஏற்றும் சரிவு, மின்கம்பம், பிற்பாடு கட்டிய வடிகால் எல்லாம் வந்துவிட்டன. மீதி பதினொரு அடி. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. விற்றவர் தன் நிலத்துக்குள் கோடு போட்டார். வாங்கியவர்கள் தங்கள் மனைக்குள் வீடு கட்டினார்கள். அத்தனை பேரின் நிலத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்துக் கோடு போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீடித்த நகர வளர்ச்சி என்ற பேச்சை எடுத்தால் மெட்ரோ, மின்சாரப் பேருந்து, சூரியத் தகடு, தெருவுக்குத் தெரு கேமரா என்று பட்டியல் நீளும். எல்லாம் நல்லவைதான். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் கீழே நிலம் வேண்டும். பேருந்துக்குத் தடம், குழாய்க்குப் பள்ளம், மரத்துக்குக் குழி, நடப்பவருக்கு மேடை. அந்த நிலம் வீடு வருவதற்கு முன்னால் ஒதுக்கப்பட்டதா என்பதில்தான் ஒரு நகரத்தின் தலையெழுத்தில் பாதி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வீட்டை இடித்துக் கட்டலாம். தெருவை இடித்துக் கட்டுவது நடக்கிற காரியமாக இல்லை. 1666-இல் லண்டன் எரிந்து தரைமட்டமானபோது கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் அகலமான சாலைகளோடு புதிய வரைபடம் தயாரித்துக் கொடுத்தார். வீடுதான் எரிந்திருந்தது, உரிமை எரியவில்லை. ஒவ்வொருவரும் தன் மனைக்கே திரும்பி வந்தார்கள். சில தெருக்களைக் கொஞ்சம் அகலமாக்கி, மரத்துக்குப் பதில் செங்கல்லில் கட்டச் சொல்லிச் சட்டம் போட்டதோடு சரி.

இந்தக் கவலை ஏன் இப்போது அவசரம் என்றால், வரப்போகிற கூட்டம் அப்படி. 2018-இல் ஐ.நா. வெளியிட்ட கணிப்பின்படி உலக மக்களில் 55 சதவீதம் பேர் நகரவாசிகள். 2050-இல் அது 68 சதவீதம் ஆகும். புதிதாகச் சேரும் சுமார் 250 கோடிப் பேரில் பத்துக்கு ஒன்பது பேர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்தான் இருப்பார்கள். இந்தியாவின் பங்கு மட்டும் சுமார் 41.6 கோடி. ஆள் கூடும் வேகத்தைவிட நகரம் பரவும் வேகம் அதிகம் என்பதையும் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2015-இல் ஐ.நா.வில் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11-வது நகரங்களுக்கானது. அடுத்த ஆண்டு ஈக்வடாரின் கீட்டோ நகரில் கூடி 'புதிய நகர்ப்புறச் செயல்திட்டம்' என்று ஒன்றையும் உலக நாடுகள் ஏற்றன. அந்த ஆவணங்களை வாசிப்பது வைக்கோல் மெல்வது போல. ஆனால் நைரோபியில் இருக்கும் ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு சொல்லும் ஓர் அளவு மட்டும் மனதில் நிற்கும்: நகர நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் தெருவுக்கு, மேலும் 15 முதல் 20 சதவீதம் திறந்தவெளிக்கு. அதாவது ஏறக்குறைய பாதி நிலம் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிப்பு என்றதும் நியூயார்க் ஞாபகம் வருகிறது. 1811-இல் மூன்று ஆணையர்கள் மன்ஹாட்டன் தீவுக்குத் தெருக்கோடு போட்டுக் கொடுத்தார்கள். அப்போது அந்த நகரத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. எல்லாரும் தீவின் தென்முனையில் இருந்தார்கள். வடக்கே பண்ணைகளும் பாறையும் சதுப்பும். அதன்மேல் 155-வது தெரு வரைக்கும் கோடு போட்டார்கள். நெடுக்கே போகும் அவென்யூ ஒவ்வொன்றும் 100 அடி, குறுக்குத் தெரு 60 அடி, இடையிடையே சில குறுக்குத் தெருக்களும் 100 அடி. சீனாவுக்கு இந்தப் பக்கம் எங்குமே இல்லாத அளவு மக்கள்தொகைக்கு இடம் விட்டிருக்கிறோம், இது பலருக்கு வேடிக்கையாகப் படலாம் என்று தங்கள் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோடு நிறைந்துவிட்டது. குதிரை வண்டிக்கு விட்ட இடத்தில் டிராம், அதன் அடியில் சுரங்க ரயில், இப்போது சைக்கிள் தடம். இதற்கெல்லாம் பெரும்பாலும் தெருவை அகலப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவர்கள் பூங்காவுக்கு இடம் போதுமான அளவு விடவில்லை. கடலும் ஆறும் இரு பக்கமும் இருக்கின்றனவே, காற்று எப்படியும் வரும் என்று எண்ணினார்கள். அதன் விலையை நாற்பது சொச்சம் ஆண்டுகள் கழித்து வேறு ஆட்கள் கொடுத்தார்கள். 1850-களில் சென்ட்ரல் பார்க்குக்காக நிலம் எடுத்தபோது, கறுப்பின மக்கள் நிலம் வாங்கிக் கட்டியிருந்த செனிகா கிராமம் காலி செய்யப்பட்டது. முன்கூட்டியே விடாத இடத்தைப் பின்னால் எடுக்கும்போது பெரும்பாலும் எளியவரின் வாசலில் இருந்துதான் எடுக்கிறார்கள். நியூயார்க்குக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை இது.

பார்சிலோனாவின் கதை இன்னும் சுவையானது. கோட்டைச் சுவருக்குள் அடைந்து கிடந்த ஊர் அது. காலரா அடிக்கடி வந்தது. 1854-இல் சுவரை இடிக்க உத்தரவு கிடைத்தது. வெளியே விரிந்த சமவெளிக்கு வரைபடம் போட்டவர் இல்டெஃபோன்ஸ் செர்டா என்ற கட்டுமானப் பொறியாளர். அவர் முதலில் செய்தது கணக்கெடுப்பு. தொழிலாளியின் வீட்டுக்குள் எத்தனை கன அடி காற்று, எத்தனை வயதில் சாகிறார்கள், கூலியில் வாடகை எவ்வளவு என்று தேடித் தேடி எழுதினார். அதன் பிறகே பேனாவை வரைபடத்தில் வைத்தார். 1859-இல் அரசு ஒப்புக்கொண்ட அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு கட்டமும் 113 மீட்டர் சதுரம், தெரு 20 மீட்டர். நான்கு மூலைகளையும் சாய்வாகச் சீவிவிட்டார். நீராவியில் ஓடும் வண்டிகள் ஒரு நாள் தெருவில் வரும், அவை திரும்ப இடம் வேண்டும் என்பது அவர் நினைப்பு. கட்டத்தில் இரண்டு பக்கம் மட்டுமே கட்டடம், நடுவே தோட்டம் என்றும் வரைந்திருந்தார்.

தோட்டம் போயிற்று. நில உரிமையாளர்கள் நான்கு பக்கமும் கட்டி, பிறகு நடுவிலும் கூரை போட்டு, மாடியை உயர்த்திக்கொண்டே போனார்கள். செர்டா கடைசிக் காலத்தில் கையில் காசில்லாமல் 1876-இல் இறந்தார். ஆனால் தெரு மிஞ்சியது. அதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. தனியார் நிலத்துக்குள் அவர் வரைந்தது பெரும்பாலும் நிற்கவில்லை. தெருவாக எழுதிய நிலம் ஏறக்குறைய முழுவதும் இன்றும் நிற்கிறது. 113 மீட்டர் கட்டமும் 20 மீட்டர் தெருவும் சேர்ந்தால் 133. மூன்று கட்டம் சேர்ந்தால் ஏறக்குறைய 400 மீட்டர். 2016-இல் போப்ளெனோவ் பகுதியில் தொடங்கிய 'சூப்பர் பிளாக்' என்ற ஏற்பாடு இந்தக் கணக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது கட்டங்களை ஒன்றாகச் சேர்த்து, கடந்து போகும் வாகனங்களை வெளிச்சுற்றுக்குத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே வரும் வண்டி மிக மெதுவாக ஊர்ந்து போகலாம். சீவிய மூலைகள் நான்கு சேரும் சந்திப்புகளில் மேசையும் செடித்தொட்டியும் பிள்ளைகள் விளையாட்டும். முதல் வருடம் பலர் கூச்சல் போட்டார்கள், கடைக்காரர்கள் உட்பட. அந்தச் சண்டை முழுவதும் இன்னும் ஓயவில்லை. ஆனால் சண்டை போடுவதற்காவது அங்கே ஒரு தெரு இருக்கிறது.

நெரிசலுக்கும் அகலத்துக்கும் முடிச்சுப் போட்டுச் சாலையை அகலமாக்கிக்கொண்டே போகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு அடிச் சாலையை முழுக்கக் காருக்குக் கொடுத்த நகரங்கள் மூச்சு முட்டிக் கிடக்கின்றன. அகலம் என்பது கையிருப்பு. பிரேசிலின் குரிச்சிபா 1974-இல் பேருந்துக்கு மட்டுமான தடத்தை ஓடவிட்டதும், சியோல் 2005-இல் மேம்பாலச் சாலையை எடுத்துவிட்டு அடியில் மூடிக் கிடந்த சியோங்கியேசியோன் ஓடையைத் திறந்துவிட்டதும் கையிருப்பை வேறு செலவுக்கு மாற்றியதுதான். கையில் இருந்தால் மாற்றலாம்.

நிலத்தை யார் கொடுப்பது?

இதுதான் முடிச்சு. மன்னராட்சியும் வெள்ளைக்காரன் ஆட்சியும் போனபின் ஒருவர் நிலத்தைச் சும்மா எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்க நகராட்சியிடம் பணம் கிடையாது. சாலைக்கு நேரே நிலம் வைத்திருந்தவர் மொத்தத்தையும் இழப்பார், பத்தடி தள்ளி இருப்பவர் ஒரே இரவில் கோடீஸ்வரர் ஆவார். இந்த அநியாயம்தான் நிலமெடுப்பு என்றாலே ஊர் திரண்டு உட்காருவதற்குக் காரணம்.

இதற்கு ஜெர்மானியர் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு: எல்லார் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, தெரு போட்டு, மீதியை அவரவருக்கே திருப்பித் தருவது. பிராங்க்பர்ட் மேயர் ஃபிரான்ஸ் அடிக்கஸ் பெயரால் 1902-இல் வந்த சட்டம் அது. ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டு 1923 கான்டோ பூகம்பத்தில் எரிந்த டோக்கியோவைத் திருத்தினார்கள். இன்றைய ஜப்பானிய நகர்ப்பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த முறையில் உருவானது. பம்பாய் மாகாணம் 1915-இலேயே நகரமைப்புச் சட்டத்தில் அதைக் கொண்டுவந்தது. குஜராத் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். ஊர் ஓரத்தில் பத்து விவசாயிகள், ஆளுக்கு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். வரப்பு வளைந்து நெளிந்து போகிறது. நான்கு பேருக்குத்தான் பாதை உண்டு. மற்றவர்கள் அடுத்தவர் வயலில் இறங்கி நடக்கிறவர்கள். அரசு பத்து ஏக்கரையும் ஒன்றாகக் கூட்டி, முதலில் தெருக்களைப் போடுகிறது. பிறகு பூங்கா, பள்ளி, ஏழைகளுக்கு வீடு, செலவை ஈடுகட்ட விற்கக் கொஞ்சம் மனை. போக மீதியை நேர்கோட்டில் வெட்டி, கூடுமானவரை அவரவர் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திருப்பித் தருகிறது. நூறு சென்ட் கொடுத்தவருக்கு அறுபது சென்ட் கிடைக்கலாம். முன்பு சென்ட் ஒரு லட்சம் என்றால் இப்போது தெருமுகத்தோடு இரண்டரை லட்சம் என்று வைத்தால், நூறு லட்சம் நூற்றைம்பது லட்சமாகிறது. யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. இழப்பு எல்லாருக்கும் ஒரே விகிதம், லாபமும் அப்படியே. வழியில்லாத வயல்காரருக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் நீளத்துக்குப் போகும் சர்தார் படேல் வட்டச்சாலைக்கு இப்படித்தான் இருபுறத்து நிலத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவந்து இடம் பெற்றார்கள். அதற்கு முன் 1999-இல் சட்டத்தில் ஒரு சிறு திருத்தம் செய்தார்கள். யார் எத்தனை கேட்கிறார்கள், யாருக்கு எந்த மூலை என்ற வழக்கெல்லாம் தீர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதுவரை தெருவும் காத்திருக்கும். திருத்தத்துக்குப் பிறகு, வரைவுத் திட்டம் ஒப்புதல் பெற்றதுமே தெருவுக்கான நிலத்தை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம். மனைச் சண்டை அது பாட்டுக்கு நடக்கும். தெருவை முதலில் எடு, மீதியைப் பிறகு பேசு என்ற இந்த எளிய யோசனைக்காக அதை எழுதிய அதிகாரிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதைவிடக் கடினமான சோதனை குஜராத்தின் புஜ் நகரத்தில் நடந்தது. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கோட்டைக்குள் இருந்த பழைய ஊர் நொறுங்கியது. வீட்டைவிட்டு ஓடி வந்தவர்களிலும் பலர் தப்பவில்லை. சந்து அத்தனை குறுகல், இருபுறத்துச் சுவரும் அவர்கள்மேலேயே விழுந்தது. திரும்பக் கட்டும்போது பழைய சந்தை அப்படியே விட்டால் அடுத்த பூகம்பத்திலும் அதேதான். ஆனால் தெருவை அகலமாக்க ஒவ்வொரு மனையிலும் கொஞ்சம் வெட்ட வேண்டும், பிணம் எடுத்த கை காய்வதற்குள். அங்கே வைத்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. மிகச் சிறிய மனைகளில் எதையும் எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாக வெட்டும் விகிதமும் கூடியது. வீடு வீடாக வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டி, ஆட்சேபணை கேட்டு, திருத்தித் திருத்தி முடித்தார்கள். இன்றைக்கு அங்கே ஆம்புலன்ஸ் நுழைகிறது.

குறை இல்லாமலில்லை. இந்த முறை பட்டா வைத்திருப்பவரைத்தான் கண்ணால் காண்கிறது. குத்தகைக்கு உழுதவர், வாடகைக்கு இருந்தவர், புறம்போக்கில் குடிசை போட்டவர் எவருக்கும் அதில் பங்கு கிடையாது. ஏழைகளுக்கென்று ஒதுக்கிய மனை காகிதத்தில் இருந்து தரைக்கு வருவதற்குள் தேய்ந்து போவதும் உண்டு. நிலவிலை ஏறாத ஊரில் இந்தக் கணக்கே ஓடாது. அறுபது சென்ட் அறுபது சென்டாகவே நிற்கும்.

ஏற்கெனவே கட்டி முடிந்த நெரிசலான பகுதியை என்ன செய்வது என்று கேட்டால், அதற்குப் பழைய பதில் ஒன்று நம் ஊரிலேயே எழுதப்பட்டது. பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, அடுத்த ஆண்டு வரை மதுரை, தஞ்சாவூர், கோயம்புத்தூர் என்று நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். அன்றைய பொறியாளர்களுக்கு அளவுகோலை வைத்து ஊர் நடுவே நேராக ஒரு சாலை கீறுவதுதான் தெரியும். கெட்டிஸ் இங்கே ஒரு இடிந்த வீடு, அங்கே ஒரு காலி மனை என்று எடுத்து, மரத்தடியும் கோயில் முற்றமும் அப்படியே இருக்க, சந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடச் சொன்னார். செலவும் குறைவு, வெளியேற்றமும் குறைவு. குளங்களைத் தூர்க்கும் யோசனைகளையும் அவர் ஏற்கவில்லை.

அந்தக் கடைசிப் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1920-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு சென்னையில் எழுந்த பெரிய குடியிருப்பு தியாகராய நகர். பனகல் பூங்காவிலிருந்து விரியும் சாலைகள், ஓரத்தில் மரம், வரிசையான மனைகள் எல்லாம் நேர்த்தியாக வந்தன. வந்த இடம்? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் மாம்பலம் பகுதி. மேற்கு மாம்பலத்தில் இன்றும் ஒரு தெருவுக்கு ஏரிக்கரைக் காட்சியைச் சொல்லும் ஆங்கிலப் பெயர் உண்டு; பார்க்க ஏரிதான் இல்லை. நல்ல மழை பெய்தால் தண்ணீர் பழைய விலாசத்துக்கு வந்துவிடுகிறது.

பார்சிலோனாவுக்கும் மன்ஹாட்டனுக்கும் உள்ள விதியை இங்கே அப்படியே பிரதியெடுக்க முடியாததற்கு இதுவே காரணம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் நிலத்தில் தெருக்கோடு வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அது தண்ணீர்க் கோடு. ஓர் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வாய்க்காலில் இறங்கி அடுத்த ஏரிக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு, கடைசியில் சதுப்புக்கும் கடலுக்கும். தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி கட்டடமும் குப்பைமேடும் ஆனபிறகு, மிச்சத்துக்கு 2022-இல் உலகின் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் முதல் மாடி வரை நின்ற தண்ணீர் எந்தக் கோட்டில் வந்தது என்பதைப் பழைய கிராம வரைபடத்தை விரித்து வைத்தால் விரலால் தொட்டுக் காட்டலாம். வாய்க்கால் புறம்போக்கு என்று அதில் எழுதியிருக்கும். இங்கே தெருவுக்கும் முன்னால் வாய்க்கால்.

இன்று நம்மிடம் விதிகள் இல்லாமலில்லை. 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவு என்றால் சாலை போக மீதியில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும். ஆனால் ஒவ்வொருவரும் தன் நிலத்தின் உதவாத மூலையைப் பூங்கா என்று எழுதிக் கொடுப்பதால், பத்து மனைப்பிரிவில் பத்துத் துண்டுகள் கிடைக்கும். ஒரு மைதானம் கிடைக்காது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டினால் அங்கீகாரம். லட்சக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு மாட்டிக்கொண்டிருந்த நிலையில் வேறு வழியும் இருந்திருக்காது. ஆனால் வரன்முறை காகிதத்தைச் சரிசெய்யும். பதினொரு அடியைப் பதினெட்டு அடியாக்க அதனால் முடியாது.

காத்திருக்கத் தெரிய வேண்டும்

சென்னையே ஒருமுறை இதைச் சரியாகச் செய்திருக்கிறது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1977-இல் உலக வங்கிக் கடனுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். ஏழைக்கு முழு வீடு கட்டித் தர அரசிடம் பணம் போதாது. ஆகவே மனையும் தெருவும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் மட்டும் தருவது, வீட்டை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொள்வது. மிகச் சிறிய மனைகள் 50 சதுர மீட்டருக்கும் குறைவு. அதே பகுதியில் நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய மனைகளும் கடைக்கு முனை மனைகளும் இருந்தன. அவற்றைக் கூடுதல் விலைக்கு விற்ற பணம் சின்ன மனைகளுக்கு ஈடானது. இந்தூரில் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி 1980-களில் வடிவமைத்த ஆரண்யாவும் இதே யோசனைதான். அங்கே ஒரு கழிப்பறையும் குளியலறையும் தண்ணீர்க் குழாயும் மட்டும் கட்டிக் கொடுத்து, மற்றதைக் குடும்பத்திடம் விட்டார்.

ஆரம்பத்தில் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். ஊருக்கு ரொம்ப தூரம், பாதி மனை காலி, மீதியில் கீற்றுக்கொட்டகை. இதற்கா கடன் வாங்கினோம் என்று பேச்சு வந்தது. 1990-களில் உலக வங்கியே இந்த வழியைக் கைவிட்டது. இருபது ஆண்டுகள் கழித்து மும்பையிலும் சென்னையிலும் அதே இடங்களைப் போய்ப் பார்த்த ஆய்வாளர்களுக்கு ஆச்சரியம்: கொட்டகை ஓடாகி, ஓடு தளமாகி, தளத்தின்மேல் மாடி ஏறி, கீழே தையல் கடையும் டியூஷனும் வைத்து, பல வருமானக்காரர்கள் கலந்து வாழும் கலகலப்பான பேட்டைகள். கீழ்த்தளம் பையனுக்கு, மாடி வாடகைக்கு என்று ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்பு சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும். தான்சானியாவில் அதே காலத்தில் தெருவும் குழாயும் முதலில் போட்ட பேட்டைகளை, போடாதவற்றோடு ஒப்பிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது.

இதற்குப் பக்கத்தில், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கண்ணகி நகரிலும் பிறகு பெரும்பாக்கத்திலும் அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிகளை வைத்துப் பாருங்கள். சுவர் முடிந்துதான் கொடுத்தார்கள். ஆனால் வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் நகரத்துக்குள் போய் வந்தவர்களை வேலையிலிருந்து அத்தனை தூரம் கொண்டுபோய் வைத்ததில் பலர் பிழைப்பை இழந்தார்கள். மேல் மாடியில் கடை வைக்க முடியாது, மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கூட்ட முடியாது.

எத்தியோப்பியாவில் 2013 வாக்கில் அடாமா, பாஹிர் தார், ஹவாசா, மெக்கெல்லே ஆகிய நான்கு நகரங்கள் நியூயார்க் பல்கலைக்கழகத்து ஷ்லோமோ ஏஞ்சல் குழுவின் உதவியோடு இறங்கிய வேலை இதைவிடவும் சிக்கனமானது. ஏழை நாடு, தார் போடவே காசில்லை. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஊர் எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டு, அந்த வெறும் நிலத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றாக அகலமான சாலைகளுக்கான இடத்தை மட்டும் குறித்து ஒதுக்குவது. பேருந்து ஓடலாம், அடியில் குழாய் போகலாம். மற்றதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். ஏஞ்சல் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது, நகரத்தைச் சுற்றி வேலி போட்டு நிறுத்தும் திட்டங்களை நம்பாதீர்கள், அது வரத்தான் செய்யும், இடத்தை விட்டு வையுங்கள் என்பது. சியோல் 1971-இல் பசுமை வளையம் போட்டுப் பார்த்தது. நகரம் அதைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் வளர்ந்தது.

சென்னைப் பெருநகரின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. திருமழிசை, மீஞ்சூர், செங்கல்பட்டு, மாமல்லபுரம் என்று புதுநகர்த் திட்டங்களும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எல்லைக்குள் பெரும்பகுதி இன்னும் வயலும் ஏரியும் கரம்பும்தான். செர்டாவுக்குக் கிடைத்த மாதிரி வெறும் சமவெளி இல்லை என்றாலும், கோடு போட இன்னும் இடம் இருக்கிறது. எத்தனை நாளைக்கு என்பதுதான் தெரியவில்லை.

போன மாசி மாதம் உறவினர் ஒருவருக்கு மனை பார்க்கச் செங்கல்பட்டைத் தாண்டிப் போனோம். அறுவடை முடிந்த தாள் இன்னும் காலில் குத்துகிற வயல். நட்ட கல்லில் வெள்ளைச் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. கல்லுக்குக் கல் கலர் கொடி. ஜல்லி கொட்டிய 23 அடித் தெரு ஒன்று நேராகப் போய் ஒரு முள்வேலியில் நின்றது. வேலிக்கு அப்பால் மணிலாக் கொல்லை, அதற்கப்பால் ஓர் ஏரிக்கரையின் பனைமரங்கள். மனை காட்ட வந்த இளைஞர் நல்ல பையன், வெயிலில் எங்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். "இந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகாது சார். நம்ம நிலம் இதோட முடியுது."